தோலாஅத் ஷானி: நிறத்தின் பெயரா, பொருளின் பெயரா?

மறைநூல் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தைப் படித்து வருகிறோம். ஆசரிப்புக் கூடாரத்துக்காக மக்கள் கொண்டுவர வேண்டியவற்றை “இளநீலநூலும், இரத்தாம்பரநூலும், சிவப்புநூலும்” என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அடுக்கிச் சொல்லுமிடத்தில், மூன்றாவதாக வரும் சிவப்புநூலுக்கு எபிரேய மூலத்தில் ‘தோலாஅத் ஷானி’ என்ற இரு சொற்கள் உள்ளன என்றும், அவற்றுள் முதற்சொல்லின் நேர்ப்பொருள் புழு என்றும் அறிந்தேன். 22ஆம் சங்கீதத்தில் “நானோ ஒரு புழு, மனுஷனல்ல” என்று வரும் இடத்திலும் இதே சொல்தான் இருக்கிறது. இதை வைத்து ஒரு விளக்கம் பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தாய்ப்புழு மரத்தில் தன்னைப் பதித்துக்கொண்டு, குஞ்சுகளைத் தன் உடலால் மூடி, சிவப்புச் சாறு சிந்தி இறக்கிறது. மூன்றாம் நாளில் அதன் உடல் வெண்மையான மெழுகாகி உதிர்கிறது. ஆகவே அந்தச் சங்கீதம் சிலுவையைச் சுட்டுகிறது என்பது அந்த விளக்கம். கேட்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் மாணவர்களுக்குச் சொல்லுமுன் சொல்லின் பொருளை உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். எபிரேயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேர்ச்சொல் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் சாயத்தைப் பார்த்துவிட்டுச் சங்கீதத்துக்கு வருவோம்.

‘ஷானி’ தனியாக நிற்கும்போது சிவப்புச் சாயமேற்றிய நூலையோ துணியையோ குறிக்கிறது. தாமாரின் பிள்ளைப்பேற்றின்போது மருத்துவச்சி குழந்தையின் கையில் கட்டியது ஷானி (ஆதியாகமம் 38:28). ராகாப் ஜன்னலில் கட்டியது ஷானி நூலால் ஆன கயிறு (யோசுவா 2:18). உன்னதப்பாட்டில் காதலியின் உதடுகளுக்கு உவமையாக வருவது ஷானி நூல் (4:3). சவுல் இஸ்ரவேலின் குமாரத்திகளுக்கு உடுத்தியதும் ஷானிதான் (2 சாமுவேல் 1:24). இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கையால் தொடக்கூடிய நெசவுப்பொருள் ஒன்று இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வானத்தின் சிவப்புக்கோ இரத்தத்தின் சிவப்புக்கோ எபிரேயர் ஷானி என்று சொல்வதில்லை. அதற்கு ‘ஆதோம்’ என்ற சொல்லும் அதன் வினைவடிவங்களும் உண்டு.

‘தோலா’ அல்லது ‘தோலேஆ’ என்பது புழு. பெயர்ச்சொற்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் தொடரில் அது ‘தோலாஅத்’ ஆகிறது. ஆகவே தோலாஅத் ஷானி என்பது, சொல்லுக்குச் சொல் வைத்தால், செஞ்சாயத்தின் புழு. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியின் சுத்திகரிப்பிலும், எண்ணாகமம் 19:6இல் சிவப்புக் கிடாரியின் சடங்கிலும் வரிசை மாறி ‘ஷ்னி தோலாஅத்’ என்று வருகிறது. அது புழுவின் செஞ்சாயம். இந்த வரிசை மாற்றத்தில் பெரிய மறைபொருள் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டுமே ஒரே சரக்கின் பெயர்கள்: இந்த உயிரினத்திலிருந்து எடுத்த சாயம் ஏற்றிய நூல். நாம் பேச்சுவழக்கில் பட்டு என்றால் புழு, நூல், துணி மூன்றையும் சூழலுக்கேற்பப் புரிந்துகொள்வதைப் போன்றதே இது.

யாத்திராகமப் பட்டியல் முழுவதும் பொருள்களின் பட்டியல். தெகேலெத் (இளநீலம்), அர்காமான் (இரத்தாம்பரம்) இரண்டும் கடல் நத்தைகளிலிருந்து கிடைத்த சாயங்கள். தோலாஅத் ஷானி நிலத்து உயிரினத்திலிருந்து வந்தது. ஷேஷ் என்பது சணல்வகைச் செடியின் மெல்லிய நார்நூல். பொன், வெள்ளி, வெண்கலம், ஆட்டுத்தோல் ஆகியவற்றுடன் சேர்த்து இவற்றைக் கொண்டுவரச் சொல்லும் இடத்தில், கேட்பவர்களுக்குச் சரக்கின் பெயரே காதில் விழுந்திருக்கும். ஆகவே தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை: முதலில் பொருளின் பெயர், அதன் வழியாகவே நிறத்தின் பெயர்.

பட்டறைக்காரர் எழுதியது:

நான் எபிரேயம் அறியாதவன். பட்டுக்கும் கம்பளிக்கும் சாயமேற்றும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏசாயா 1:18ஐப் பழைய மொழிபெயர்ப்பு, “உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும், அவைகள் இரத்தாம்பரச் சிவப்பாயிருந்தாலும் பஞ்சைப்போலாகும்” என்று சொல்கிறது. இங்கே மூலத்தில் பஞ்சு என்ற சொல் இருக்கிறதா என்று வேர்ச்சொல் அவர்கள் சொல்ல வேண்டும். ஏனெனில் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயங்கள் பருத்தியிலும் நார்நூலிலும் அவ்வளவு எளிதாகப் பிடிக்காது. பட்டும் ஆட்டுமயிரும் புரத இழைகள். படிகாரக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு சாயத் தொட்டியில் இட்டுச் சூடேற்றினால், படிகாரத்திலுள்ள அலுமினியம் இழையையும் சாயத்தையும் பிணைத்துவிடுகிறது. அதன் பிறகு எத்தனை முறை அலசினாலும் நிறம் இறங்காது. சாயமேற்றிய கம்பளியைச் சாயமேற்றாத கம்பளியாகத் திருப்புவது எந்தப் பட்டறையிலும் நடவாத காரியம். வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை அறிய இது உதவும் என்று நினைக்கிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

ஐயா, நீங்கள் தொட்டிருப்பது இந்த வசனத்தின் மையத்தை. மூலத்தில் இருப்பது ‘ஸெமெர்’, அதாவது ஆட்டுமயிர். பஞ்சு என்பது தமிழ் வாசகருக்குப் பழக்கமான வெண்பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். வெண்மை என்ற கருத்து அதில் கிடைத்துவிடுகிறது, ஆனால் உவமையின் பாதி நழுவிவிடுகிறது. வசனத்தின் முதற்பாதியில் ‘ஷானீம்’ என்றும், இரண்டாம் பாதியில் ‘தோலா’ என்றும் வருகின்றன. யாத்திராகமத்தின் இரட்டைச் சொல்லைத் தீர்க்கதரிசி இரண்டாகப் பிரித்து இரண்டு வரிகளில் வைத்திருக்கிறார். முதல் வரியில் எதிர்நிற்பது பனி. இரண்டாம் வரியில் எதிர்நிற்பது ஸெமெர். ஸெமெர் என்பது தோலாவின் சாயம் ஏறுவதற்கு முன்பு அந்த நூல் எதுவாக இருந்ததோ, அதுவே. ஏதோ ஒரு வெண்மை வரும் என்பதோடு வாக்கு நின்றுவிடவில்லை. சாயத் தொட்டிக்குள் போவதற்கு முன்னிருந்த நிலைக்கே திரும்பும் என்கிறது. நீங்கள் சொன்னபடி, தொழிலறிந்த எவரும் நடவாது என்று சொல்லக்கூடிய ஒன்று அது. கேட்ட எருசலேம் மக்களுக்கு அந்த அழுத்தம் உடனே புரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. யாத்திராகமத்தில் இரத்தாம்பரம் என்பது அர்காமானுக்கு வைத்த சொல். ஏசாயாவில் அதே சொல்லைத் தோலாவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே தமிழில் மட்டும் படிப்பவர், கடல் நத்தையின் ஊதாச் சாயமும் இந்தச் செஞ்சாயமும் ஒன்று என்று எண்ண இடமுண்டு. வகுப்பில் இதை அவசியம் சொல்லுங்கள்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி இந்த வசனத்தைச் சடங்கோடு இணைக்கிறது. பாவநிவாரண நாளில் வனாந்தரத்துக்கு அனுப்பப்படும் வெள்ளாட்டின் தலையில் செஞ்சாயக் கம்பளி நாடா ஒன்றைக் கட்டினார்கள். பரிசுத்த ஸ்தலத்தின் வாசலிலும் ஒன்று கட்டப்பட்டிருந்தது. ஆடு வனாந்தரத்தை அடைந்ததும் அது வெண்மையாகும் என்று சொல்லி, ஏசாயாவின் இதே வரியை அங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நாடாவுக்கு மிஷ்னா கால எபிரேயத்தில் ‘ஸெஹோரித்’ என்று பெயர்.

கரையோரம் எழுதியது:

இது நம் நாட்டு அரக்குதானா? அரக்கும் ஒரு பூச்சியிலிருந்து வருவதுதான். அரக்கு நிறம் என்று இன்றும் புடவைக்கடையில் சொல்கிறோம்.

பூச்சியியல் மாணவி எழுதியது:

அரக்குப் பூச்சி இதன் தூரத்து உறவு. ஆனால் இது அல்ல. செதில் பூச்சிகள் என்ற பெருங்கூட்டத்தில் சாயம் தருபவை பல. இந்தியாவின் அரக்குப் பூச்சி தரும் சிவப்பு லாக்காயிக் அமிலம். அரராத் சமவெளியின் உப்புச் சதுப்பில் புல்வேரில் வாழும் ஆர்மேனியப் பூச்சியும், 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த கள்ளிப்பூச்சியும் தருவது கார்மினிக் அமிலம். மத்தியதரைக் கடலோரத்துக் கருவாலி மரங்களில் வாழும் கெர்மெஸ் பூச்சிகள் தருவது கெர்மெசிக் அமிலம். இந்த வேறுபாட்டால்தான் ஒரு பழந்துணியின் இழையை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து எந்தப் பூச்சி என்று சொல்ல முடிகிறது.

2024இல் இஸ்ரேலியத் தொல்பொருள் துறையும் பார்-இலான் பல்கலைக்கழகமும் எபிரேயப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இவ்விஷயத்தில் மிக முக்கியமானது. யூதேய வனாந்தரத்தில் மண்டையோட்டுக் குகை என்று அழைக்கப்படும் இடத்தில் 2016இல் கிடைத்த துணித்துண்டு அது; அளவில் 1.5 சென்டிமீட்டருக்கும் குறைவு. கதிரியக்கக் கார்பன் கணிப்பின்படி ஏறக்குறைய 3,800 ஆண்டுகள் பழமையானது. பட்டறைக்காரர் ஐயா இதைக் கவனிக்க வேண்டும்: அதன் பாவு நூல் சாயமேற்றாத நார்நூல், ஊடை நூல் சிவந்த கம்பளி. அந்தக் கம்பளியில் இருந்தது கெர்மெசிக் அமிலம். அது கெர்மெஸ் வெர்மிலியோ என்ற இனத்தைச் சுட்டுகிறது. அந்த இனம் ஸ்பெயின், பிரான்சு போன்ற மேற்குப் பகுதிகளில் வாழ்வது. அப்படியானால் அத்தனை பழங்காலத்திலேயே அந்தச் சாயமோ சாயமேற்றிய நூலோ கடல் கடந்து வணிகமாக வந்திருக்கிறது.

இஸ்ரேலின் மலைப்பகுதிக் கருவாலி மரங்களில் கெர்மெஸ் எக்கினாத்துஸ் என்ற உள்ளூர் இனமும் உண்டு. தோலாஅத் ஷானி இதுவே என்று பார்-இலான் பல்கலைக்கழகத்தின் ஸோஹர் அமார் வாதிட்டிருக்கிறார். உள்ளூர்ப் பூச்சியும் இறக்குமதிச் சரக்கும் ஒரே பெயரில் விற்கப்பட்டிருக்கக்கூடும் என்பது என் கருத்து. வாங்குபவருக்கு நிறமும் உறுதியும் ஒன்றாக இருந்தால் பெயரும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இனி அந்த மூன்று நாள் கதை. வளர்ந்த கெர்மெஸ் பெண்பூச்சிக்குச் சிறகு இல்லை, காலும் பயன்படுவதில்லை. கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, உருண்டு பருத்து ஒரு சிறு மணியைப்போல் ஆகிறது. முட்டைகள் அதன் உடலின் அடியில் இருக்கின்றன. தாய் இறந்த பின்பும் அதன் ஓடு முட்டைகளைக் காக்கிறது. பிறகு சிவந்த குஞ்சுகள் அதிலிருந்து வெளியேறிப் பரவுகின்றன. முட்டைகள் பொரிவதற்கு முன்பு, உடலில் சாயம் நிறைந்திருக்கும்போது நகத்தால் சுரண்டி எடுத்து, உலர்த்திப் பொடியாக்குவார்கள். இதுவரை உண்மை, இது தன்னளவிலேயே வியப்புக்குரியது. ஆனால் மூன்றாம் நாளில் வெண்மெழுகாகி உதிர்வது என்பது இந்தப் பூச்சியின் வாழ்க்கை வட்டத்தில் இல்லை. செதில் பூச்சிகள் மெழுகு சுரப்பவை என்ற பொதுவான செய்தியின்மேல் மூன்று நாள் என்ற எண்ணை யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

ஜெபவீடு எழுதியது:

சகோதரி சொன்ன அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் சங்கீதக்காரன் புழு என்று சொல்வதற்கு எபிரேயத்தில் ‘ரிம்மா’ என்ற வேறு சொல் இருக்கும்போது, செஞ்சாயம் தரும் தோலாஅத்தையே ஏன் தேர்ந்தெடுத்தார்? பரிசுத்த ஆவியானவர் சொற்களை வீணாகத் தருவதில்லை என்று விசுவாசிப்பவன் நான். நம் ஆண்டவர் சிலுவையில் கூறிய வார்த்தையே அந்தச் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதத்தில் சிவப்புச் சாயப் புழுவைக் காண்பதில் என்ன தவறு?

வேர்ச்சொல் எழுதியது:

சகோதரரே, உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பளித்தே பதில் எழுதுகிறேன். 22ஆம் சங்கீதம் சிலுவையோடு இணைந்தது என்பதற்குச் சுவிசேஷங்களே சாட்சி. அதற்குப் பூச்சியின் துணை தேவையில்லை. கேள்வி இந்த ஒரு சொல்லைப் பற்றியது மட்டுமே.

ரிம்மா சாதாரணப் புழு, தோலாஅத் சாயப்புழு என்ற பிரிவினை எபிரேய வேதாகமத்தில் நிற்பதில்லை. யாத்திராகமம் 16ஐத் திறந்து பாருங்கள். விடியற்காலம்வரை மீதி வைத்த மன்னாவில் புழு பிடித்தது என்று 20ஆம் வசனம் சொல்கிறது. அங்கே உள்ள சொல் ‘தோலாயீம்’, தோலாவின் பன்மை. ஓய்வுநாளுக்காக வைத்த மன்னாவில் புழு உண்டாகவில்லை என்று 24ஆம் வசனம் சொல்கிறது, அங்கே ‘ரிம்மா’. ஒரே மன்னா, ஒரே வகைப் புழு, இரண்டு சொற்கள். யோனாவின் செடியை அரித்தது தோலாஅத் (4:7). திராட்சைத் தோட்டத்தைத் தின்னும் என்று உபாகமம் 28:39 எச்சரிப்பதும் தோலாஅத். ஏசாயா 14:11இல் பாபிலோன் ராஜாவின் பிணத்துக்குக் கீழே விரிந்திருப்பது ரிம்மா, மேலே மூடியிருப்பது தோலேஆ. யோபு 25:6இல் மனிதனைத் தாழ்த்திச் சொல்லும் ஒரே வசனத்தில் இரண்டும் இணையாக வருகின்றன. இந்த இடங்களில் எதிலும் சாயம் இல்லை. ஏசாயா 41:14இல் “யாக்கோபு என்னும் பூச்சியே, பயப்படாதே” என்று கர்த்தர் அழைப்பதும் இதே சொல்தான். சிறுமையில் இருப்பவனைத் தேற்றும் குரல் அது. சங்கீதக்காரனின் குரலும் அதே சிறுமையிலிருந்து எழுகிறது. அடுத்த சொற்களே “மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்” என்று அதை விரிக்கின்றன.

சாயப் பொருள் எப்போது வருகிறது? ஷானியோடு சேரும்போது வருகிறது. அல்லது சூழல் உடையையோ நிறத்தையோ பேசும்போது வருகிறது. ஏசாயா 1:18இல் சிவப்பு, வெண்மை என்ற சொற்கள் சுற்றிலும் உள்ளன. புலம்பல் 4:5இல், தோலாவில் வளர்க்கப்பட்டவர்கள் இப்போது குப்பைமேடுகளைத் தழுவுகிறார்கள் என்ற இடத்தில் செல்வந்தரின் உடை பேசப்படுகிறது. நாகூம் 2:3இல் போர்வீரர்களைக் குறித்து ‘மெதுல்லாயீம்’, அதாவது தோலா உடுத்தியவர்கள், என்று பெயரிலிருந்தே ஒரு வினைவடிவம் பிறந்திருக்கிறது. அதற்கு இணையாகக் கேடயம் சிவந்திருக்கிறது. சங்கீதத்தில் உடையும் இல்லை, நிறமும் இல்லை. தாழ்மையின் முழு ஆழத்தைச் சொல்லும் ஒரு சொல்லுக்கு அரசர்களின் விலையுயர்ந்த சரக்கின் நினைவை ஏற்றினால், சங்கீதக்காரன் சொல்ல வந்த வேதனை குறைந்துபோகிறது என்பதே என் கவலை.

ஜெபவீடு எழுதியது:

மன்னாவின் இரண்டு வசனங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். இனிப் பிரசங்கத்தில் சொல் வேறுபாட்டை ஆதாரமாகக் காட்டமாட்டேன். ஆயினும் தாய்ப்பூச்சி தன் உடலால் குஞ்சுகளைக் காப்பதை, படைப்பிலிருந்து எடுத்த ஓர் உவமையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

முழு உரிமை உண்டு, சகோதரரே. உவமையாகச் சொல்லுங்கள், எபிரேயச் சொல்லின் பொருள் அதுதான் என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

லத்தீன் பயின்றவர் எழுதியது:

வுல்காத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு யாத்திராகமம் 25:4ஐ “இருமுறை தோய்த்த கோக்குஸ்” (செஞ்சாயம்) என்று சொல்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவிலும் அங்கே இரட்டையான செஞ்சாயம் என்று இருக்கிறது. ஷானிக்கு இருமுறை தோய்த்தது என்பதுதான் பொருளா?

வேர்ச்சொல் எழுதியது:

எபிரேயத்தில் இரண்டு என்பதற்கு ‘ஷ்னாயிம்’. இரண்டாவது என்பதற்கு ‘ஷேனி’. எழுத்தில் ஷானியும் ஷேனியும் ஒன்றுபோல இருப்பதால் அந்த விளக்கம் பிறந்திருக்க வேண்டும். மருத்துவச்சி கட்டிய நூலையும் ராகாபின் கயிற்றையும் நோக்கும்போது, தோய்த்த எண்ணிக்கையை அச்சொல் உணர்த்துவதாக எனக்குத் தோன்றவில்லை. கிரேக்கச் சொல் ‘கொக்கினோஸ்’ என்பதும் கவனிக்கத்தக்கது: அது ‘கொக்கோஸ்’, அதாவது மணி அல்லது விதை, என்பதிலிருந்து வந்தது. கிளையில் ஒட்டியிருந்த பூச்சியைக் கிரேக்கர் காயின் பெயரால் அழைத்தார்கள். எபிரேயர் புழுவின் பெயரால் அழைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதெஸ் இரண்டையும் சேர்த்துவைக்கிறார்: காரோப் என்ற மரத்தின் விதையைப்போன்ற மிகச் சிவந்த மணிகள், ஒவ்வொன்றின் உள்ளும் கொசுவைப்போன்ற ஒரு புழு என்று சிவப்புக் கிடாரிச் சட்டங்களில் விவரிக்கிறார். மத்தேயு 27:28இல் போர்ச்சேவகர் இயேசுவுக்கு உடுத்திய மேலங்கியும், எபிரெயர் 9:19இல் ஈசோப்போடு வரும் ஆட்டுமயிரும் இந்தக் கொக்கினோஸ்தான். அங்கே கிரேக்கம் ஆட்டுமயிர் என்றே வெளிப்படையாகச் சொல்கிறது.

கரையோரம் எழுதியது:

நாளாகமத்தில் ‘கர்மீல்’ என்று ஒரு சொல் வருகிறதே, அது கர்மேல் மலையோடு தொடர்புடையதா?

வேர்ச்சொல் எழுதியது:

இல்லை. கர்மீல் 2 நாளாகமத்தில் மட்டும் மூன்று இடங்களில் வருகிறது (தமிழில் 2:7, 2:14, 3:14). மூன்றாவது இடம் நமக்குப் பெரும் உதவி. யாத்திராகமம் 26:31இல் திரைச்சீலைக்கு தெகேலெத், அர்காமான், தோலாஅத் ஷானி, ஷேஷ். நாளாகமத்தில் சாலொமோனின் திரைக்கு தெகேலெத், அர்காமான், கர்மீல், பூத்ஸ். பழைய நார்நூல் பெயர் இருந்த இடத்தில் பிற்காலப் பெயர். தோலாஅத் ஷானி இருந்த இடத்தில் கர்மீல். இரண்டும் ஒரே சரக்கு என்று அந்த நூலாசிரியரே நமக்குக் காட்டிவிடுகிறார். பாரசீகத்தில் ‘கிர்ம்’ என்றால் புழு. கர்மீல் அந்த வழியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அரபுச் சொல் ‘கிர்மிஸ்’, கெர்மெஸ், ஆங்கிலக் ‘கிரிம்சன்’ ஆகியனவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வடமொழியின் ‘க்ருமி’யும் அதே மூலத்தது, அதுவே நம் தமிழில் கிருமியாக வழங்குகிறது. எபிரேயம் தன் சொல்லால் சொன்னதை, அயல்மொழிச் சொல்லும் புழு என்றே சொல்கிறது.

மறைநூல் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பில் ஏசாயா 1:18ஐப் படிக்கும்போது பஞ்சு என்ற சொல்லுக்கு அருகே ஆட்டுமயிர் என்று குறித்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன். ஒரு கடைசிக் கேள்வி. நியாயாதிபதிகள் 10:1இல் ‘தோலா’ என்ற பெயருடைய ஒருவர் வருகிறாரே?

வேர்ச்சொல் எழுதியது:

ஆம், இசக்கார் கோத்திரத்தாரான பூவாவின் மகன் தோலா. அபிமெலேக்குக்குப் பின் 23 ஆண்டுகள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவர். எழுத்தும் ஒலிப்பும் நம் சொல்லேதான். தகப்பனின் பெயரும் கவனிக்க வேண்டியது: ‘பூவா’ என்பது பிற்கால எபிரேயத்தில் மஞ்சிட்டி வகைச் செடிக்கு வழங்கும் பெயர், அதன் வேர் செஞ்சாயம் தருவது. ஆதியாகமம் 46:13இல் இசக்காரின் மகன்களாகவும் இதே இரு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்தக் கோத்திரத்தில் சாயத்தொழில் செய்த குடும்பங்கள் இருந்திருக்கலாம் என்பது ஊகம்தான். என்றாலும் இரண்டு தலைமுறைப் பெயர்களிலும் இரண்டு செஞ்சாயங்கள் இணைந்தே நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறைக்காரர் ஐயா, விலை மலிந்த மஞ்சிட்டிச் சிவப்பையும் பூச்சிச் சிவப்பையும் கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியுமா என்று சொன்னால், ராகாபின் கயிற்றைப் பற்றி ஒரு புது இழை தொடங்க எண்ணுகிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

புதிதாகச் சாயமேற்றியதை அருகருகே வைத்தால் முடியும். மஞ்சிட்டி செங்கல் நிறத்தை நோக்கிச் சாயும். பூச்சிச் சிவப்பு தெளிவாக இருக்கும். தனித்தனியே, பழையதாக, வெயில்பட்டதாக இருந்தால் நான் உறுதி சொல்லமாட்டேன். புது இழையைத் தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.